ரோமாபுரியில் உன் அப்பா சாப்பிட்ட களி

அய்யா பாலு,

உன் காகிதம் நேற்று மத்தியானம் வந்தது. கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு உன் அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார். ரோமாபுரியில் உனக்கு வேலை கிடைத்தது, மானாவாரிப் பயிர்களைப் பற்றி ஆராய்ச்சி, இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் அவர் குரலில் அத்தனை பெருமை. அடுத்து, வசந்தா அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும், நான் மட்டும் போகிறேன், அரிசியும் பருப்பும் கட்டிக்கொண்டு போய் ஆபீஸ் உண்டு அறை உண்டு என்று இருந்துவிட்டு வருவேன், படம் சிலை என்று சுற்ற எனக்கு ஏது நேரம் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "அவனுக்கு எல்லாத்தையும் எழுது" என்றார். "எல்லாத்தையுமா?" என்று கேட்டேன். "கல்யாணம் ஆனவன்தான? எழுது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

உன் அப்பா பட்டாளத்தில் இருந்தது உனக்குத் தெரியும். இடது கையில் இரண்டு விரல் போனது தெரியும். நான் பட்டாளத்து நர்ஸ், அங்கேதான் இருவரும் பழகினோம் என்பதும் தெரியும். அதற்கு மேல் நீ கேட்டபோதெல்லாம் அவர் பேச்சை மாற்றிவிடுவார், நானும் விட்டுவிடுவேன். நாங்கள் இருவரும் ரோமாபுரிக்குப் போயிருக்கிறோம் என்பதையே உன்னிடம் சொன்னதில்லை. நீ போகப்போகிற ஊர் அதுவாக அமைந்தது யார் செயலோ, எனக்குத் தெரியவில்லை.

நான் எம்.ரெட்டியபட்டியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். மதுரையில் நர்ஸ் படிப்பு முடித்த சமயம் யுத்தம் மும்முரமாக இருந்தது. பட்டாளத்துக்கு நர்ஸுகள் வேண்டும் என்றார்கள், பெயர் கொடுத்துவிட்டேன். பம்பாயில் கப்பல் ஏறி, எகிப்தில் கொஞ்ச காலம் இருந்து, கடைசியில் இத்தாலி தேசத்தின் கிழக்குக் கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தை ஆஸ்பத்திரியாக மாற்றி வைத்திருந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வார்டு முழுக்க நம் தேசத்துச் சிப்பாய்கள்தான். பஞ்சாபி, மராட்டி, கூர்க்கா எல்லாரும் இருந்தார்கள். தமிழ் பேசக் கேட்டு எனக்குப் பல மாதம் ஆகியிருந்தது. அப்போதுதான் உன் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். சட்டையில் கட்டியிருந்த சீட்டில் ஊர்ப் பெயர் அருப்புக்கோட்டை என்று இருந்தது. ஓடிப்போய், "நான் எம்.ரெட்டியபட்டிங்க. பஸ்ஸு ஏறணும்னா நாங்க உங்க ஊருக்குத்தான் வரணும்" என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நூல் கிடைக்காமல் தறிகளெல்லாம் சும்மா கிடந்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்தவர் அவர். அதே நாளில் நரிக்குடியிலிருந்து வந்து சேர்ந்தவர் கருப்பையா, ஆடு மேய்க்கிற குடும்பம். இருவருக்கும் மண்ணில் புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுக்கிற வேலை. ஒன்றாகவே போவார்கள், ஒன்றாகவே வருவார்கள். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். அங்கே ஒரே தகரத் தட்டில் சாப்பிட்டார்கள். ஒரு ஆற்றங்கரையில் வெடி வெடித்துவிட்டது. தன் கையில் விரல் போனதுகூடத் தெரியாமல், தொடையில் இரும்புத் துண்டுகளோடு, கருப்பையாவை முதுகில் தூக்கிக்கொண்டு முகாம் வரைக்கும் வந்திருக்கிறார். இறக்கிப் பார்த்தபோது உயிர் இல்லை. இதெல்லாம் அவருடைய பட்டாளத்து ஆட்கள் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்கும் திறக்கவில்லை, சாப்பிடுவதற்கும் திறக்கவில்லை.

சோறு வைத்தேன், ரொட்டி வைத்தேன், கெஞ்சினேன், அதட்டினேன். தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் மட்டும்தான் இறங்கியது. தொடைப் புண் ஆறவில்லை. ஆறுவதற்கு உடம்பில் ஏதாவது இருக்க வேண்டுமே. எங்கள் டாக்டர் வங்காளி, மேஜர், நல்ல மனிதர். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இது புண் இல்லை சிஸ்டர், மூளை. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எழுதி அடுத்த கப்பலில் ஏற்றப் போகிறேன்" என்றார். நம் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு பெயரோடு வருகிறவனை யார் சேர்ப்பார்கள் பாலு? கப்பல் போய்ச் சேர்வதற்குள் உயிரே இருக்காது என்றும் தோன்றியது. தேறி வருகிறவர்களை லாரியில் ரோமாபுரிக்கு அழைத்துப்போய் இரண்டு நாள் சுற்றிக் காட்டிவிட்டு வருகிற வழக்கம் உண்டு. அந்தத் தடவை கூடப்போகிற முறை எனக்கு. அவரையும் கூட்டிப்போகிறேன் என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "போய்விட்டு வாருங்கள். வந்த பிறகும் சாப்பிடவில்லை என்றால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன்" என்றார்.

நாற்பத்தைந்தாம் வருஷம், பனி உருகத் தொடங்கிய சமயம் அது. மலையெல்லாம் ஏறி இறங்கி ஊர் போய்ச் சேர்ந்தோம். குண்டு விழாமல் தப்பித்த பட்டணம். ஆனால் ஜனங்கள் பட்டினி. ரொட்டிக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர்கள்கூட சிப்பாய்களிடம் சிகரெட்டுக்குக் கை நீட்டினார்கள். மறுநாள் காலையில் எங்களைப் போப்பாண்டவரின் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். மைல் கணக்கில் சிலைகள். அதில் பாதிக்கு மேல் துணியில்லாதவை. எங்கள் சிப்பாய்கள் என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. உன் அப்பா கோலை ஊன்றிக்கொண்டு கடைசியில் வந்தார். எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு ஜெபக்கூடம். உயரமான கூரை, அந்தக் கூரை முழுக்கப் படம். நூற்றுக்கணக்கான வருஷத்து மெழுகுவர்த்திப் புகை படிந்து மங்கலாகத்தான் இருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து நின்றோம். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா பளிங்குத் தரையில் மல்லாக்கப் படுத்திருக்கிறார்! மயங்கி விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். கண் திறந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவல்காரன் கத்திக்கொண்டே வந்தான். எங்களோடு வந்த கூர்க்கா ஹவில்தார் காவல்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தானும் பக்கத்தில் படுத்துவிட்டார். அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் படுத்தார்கள். காவல்காரன் கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். நான் மட்டும் உட்கார்ந்தேன். ஹவில்தாரிடம் பைனாகுலர் இருந்தது. அதை உன் அப்பாவிடம் கொடுத்தார். ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்தார். பிறகு கண்ணிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"என்ன வெள்ளம் சிஸ்டர் அது?"

அந்தக் குரலை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன். தொண்டை கட்டியவர் குரல் மாதிரி கரகரவென்று இருந்தது. நோவா காலத்து வெள்ளத்தின் கதையைச் சொன்னேன். "நம்ம பக்கம் கண்மாய் நிறையுறதே அதிசயம். இவுகளுக்கு உலகத்தையே முக்குற வெள்ளமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு பொம்பள பாத்தீகளா? மலை மேல ஏறி ஓடுறா. மேசையைக் கவுத்துத் தலையில வச்சு, அதுக்குள்ள சட்டி பானையை அடுக்கித் தூக்கிட்டுப் போறா. ஊரே முங்குது, சோறாக்கத்தான் நெனப்பு" என்றார். நான் பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். இருந்தாள். நூறு தடவை கேட்ட கதைதான், அதில் சட்டி தூக்கிப் போகிற பெண் இருப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. "அந்தப் பக்கம் ஒரு பெரியவரு. செத்துப்போன பயலைத் தூக்கிட்டு வாரார். பாறை மேல நிக்கிறவுக கை நீட்டுறாக" என்றார். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. "நானும் தூக்கிட்டுத்தான் வந்தேன் சிஸ்டர்" என்றார். "தெரியும்" என்றேன்.

பேசிவிட்டார். ஆனால் இன்னும் சாப்பிடவில்லை. மத்தியானம் எங்கள் லாரி டிரைவர், மராட்டிக்காரர், ஆற்றுக்கு அந்தக் கரையில் தனக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். பெயர்தான் கடை. அசுந்தா என்கிற அம்மாளின் வீட்டு முன்னறை அது. அந்த அம்மாள் மலைநாட்டுக்காரி, நல்ல கனத்த உடம்பு யுத்தத்தில் வற்றிப்போய் உடுப்பு தொளதொளவென்று தொங்கியது. நாங்கள் கொண்டுபோன மாவையும் சர்க்கரையையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மக்காச்சோள மாவைக் கொப்பரையில் போட்டுக் கிண்டத் தொடங்கினாள். பார்த்தால் அசல் களி! நம் ஊரில் கம்பு மாவில் கிண்டுவது போலவேதான், அதே துடுப்பு, அதே மூச்சிரைப்பு. தட்டு எதுவும் வைக்கவில்லை. பெரிய பலகை ஒன்றை மேசை மேல் போட்டு, களியை அப்படியே அதில் கொட்டிப் பரப்பினாள். தக்காளியும் பூண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு வதக்கியதை அதன் மேல் ஊற்றினாள். பலகையைச் சுற்றி எல்லாரும் உட்கார வேண்டும். அவரவர் பக்கத்து ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தின்றுகொண்டு போக வேண்டும். அவர்கள் மலையில் அதுதான் வழக்கமாம்.

எங்கள் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மராட்டி, கூர்க்கா, பஞ்சாபி முஸல்மான், நம் நெசவுக்காரர், கிறிஸ்தவச்சி நான், எல்லாரும் ஒரே பலகையில். ஆனால் பசியும் மிளகாய் வாசனையும் சும்மா விடுமா? ஆரம்பித்துவிட்டோம். உன் அப்பாவின் பக்கத்தில் மட்டும் களி அப்படியே இருந்தது. அசுந்தா பார்த்தாள். டிரைவர் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் என்னிடம் வந்து, "இந்தியாவில் எங்கே?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் பொறுக்கிய இத்தாலி பாஷை எனக்குக் கொஞ்சம் புரியும். மதராஸ் என்றேன். "பங்களூர் பக்கமா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய மகன் மாரியோ, பாலைவனச் சண்டையில் நம் பட்டாளத்திடம் பிடிபட்டு, பங்களூர்க் கைதி முகாமில் இருக்கிறானாம். நாலு வருஷமாக அவனைப் பார்க்கவில்லை. "அங்கே அவனுக்குச் சாப்பிட என்ன கொடுப்பார்கள்? உங்கள் சாப்பாடு அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சோறும் பருப்பும் கொடுப்பார்கள், ரொட்டியும் உண்டு, எங்கள் ஜனங்கள் பசித்தவனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட மாட்டார்கள் என்றேன். அது எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது.

அவள் போய் உன் அப்பாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தோளில் கையை வைத்து மெதுவாகப் பேசினாள். நான் தமிழில் சொன்னேன். "உன் ஊரில் யாரோ என் மகனுக்குச் சோறு வைக்கிறார்கள். அவன் இப்படித் தலையைக் குனிந்து உட்கார்ந்தால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் ஆசைப்படுவேன், சொல்லு? நீ சாப்பிடு. நீ சாப்பிட்டால் அவன் அங்கே சாப்பிடுவான்." சொல்லிவிட்டுத் தன் முள்கரண்டியால் அவர் பக்கத்துக் களியில் ஓரத்தைக் கிள்ளித் தான் ஒரு வாய் தின்றாள். பிறகு காத்துக்கொண்டிருந்தாள். உன் அப்பா ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்தார். வலது கையால் களியைப் பிய்த்து, குழம்பில் புரட்டி, வாயில் வைத்தார். மிளகாய் காரம் புரையேறி இருமினார். அசுந்தா முதுகில் தட்டினாள். மறுபடி எடுத்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் பலகையையே பார்த்துக்கொண்டு தின்றோம். நடுப்பலகை வரைக்கும் வந்துவிட்டார் பாலு!

மறுநாள் அவரே கேட்டார், "இன்னும் படம் இருக்கா சிஸ்டர்?" என்று. யுத்தத்துக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்த படங்களைத் திரும்ப மாட்டியிருந்த ஒரு பிரபுவின் மாளிகைக்குப் போனோம். அங்கே ஒரு குடியானவன் பயறு சாப்பிடுகிற படம் இருக்கிறது. பெரிய படம் இல்லை. கிண்ணத்தில் வேகவைத்த பயறு, பக்கத்தில் ரொட்டி, வெங்காயத்தாள். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறான், அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள் போல நிமிர்ந்து முறைக்கிறான். கரண்டியிலிருந்து சாறு சொட்டுகிறது. உன் அப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மொச்சைப் பயறு திங்கும்போது வரி கேட்டு வந்துட்டாங்கபோல" என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த மனிதரோடு காலம் தள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது அந்தப் படத்துக்கு முன்னால்தான். இதை அவரிடமே நான் பல வருஷம் கழித்துத்தான் சொன்னேன். டாக்டர் கையெழுத்துப் போடவில்லை என்பதை நீயே ஊகித்திருப்பாய்.

யுத்தம் முடிந்து அவர் பட்டாளத்தை விட்டு வெளியே வந்த இடமும் பங்களூர்தான். ஊருக்கு வருவதற்கு முன்னால் கைதி முகாமைத் தேடிப்போய், வாசலில் கெஞ்சிக் கூத்தாடி, மாரியோவைப் பார்த்துவிட்டார். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவன். "அசுந்தா, ரோமா, நல்லாயிருக்காக" என்று தமிழும் இத்தாலியும் கலந்து சொல்லி, களி கிண்டுகிற மாதிரி கையைச் சுழற்றிக் காட்டினாராம். அந்தப் பையன் வேலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதானாம். அப்புறம் அவன் ஊர் போய்ச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டோம்.

பிறகு அவர் மதுரைக்கு வந்து என் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். அவருடையது தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம், எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோயில். என் அப்பா ஒரு வாரம் கழித்துச் சம்மதித்தார். உன் பெரியப்பா மட்டும் ஒரே வார்த்தையில், "இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத" என்றார். பதிவு ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டு, ஊர்க்கோடியில் வாடகைக்கு இருந்தோம். விரல் போன கையால் தறி நெய்ய முடியாது. திருச்சுழி ரோட்டில் பஸ் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக்கடை போட்டார். அந்தக் காலத்துக் கடைகளில் சிலருக்கு உள்ளே இடம், சிலருக்கு வெளியே நின்றுகொண்டு கொட்டாங்கச்சியில் தேத்தண்ணி. இவர் நீளமாக ஒரே மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டார். யார் வந்தாலும் அதில்தான் என்றார்.

யாரும் வரவில்லை. வடித்த சோற்றை நாங்களே தின்றோம். ஒரு நாள் பருத்தி வண்டி ஓட்டி வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கொல்லைப்பக்கம் வந்து நின்று, "சாமி, கொஞ்சம் கஞ்சி" என்று குரல் கொடுத்தார். "முன்னால வாங்கண்ணே" என்றார் உன் அப்பா. அவர் பயந்து பின்வாங்கினார். உன் அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரோட்டில் ஊரே நின்று பார்த்தது. மறுநாள் காலையில் போனால் பெஞ்சை உடைத்துப் போட்டிருந்தார்கள். அவர் ஆணியும் சுத்தியலும் எடுத்து உட்கார்ந்தார். இன்னொரு தடவையும் உடைத்தார்கள். அதற்குப் பிறகு லாரிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள், பஸ் டிரைவர்கள் வந்தார்கள். நான் வைத்த மொச்சைக் குழம்பின் வாசனை ரோட்டைத் தாண்டியது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

உன் பெரியப்பாவை நீ அன்பான மனிதராகத்தான் பார்த்திருக்கிறாய், தோளில் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனவராக. நீ என் வயிற்றில் இருந்தபோது ஒரு மத்தியானம் அவர் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே கூட்டம். அந்தப் பருத்தி வண்டிக்காரருக்குப் பக்கத்தில்தான் ஒரு இடம் காலி. வண்டிக்காரர் பதறி எழுந்தார். பெரியப்பா அவரைப் பார்த்து, "உக்காரப்பா, சாப்பிடுற எடத்துல எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்தார். உன் அப்பா இலையைப் போட்டுப் பரிமாறினார். குழம்பு இலைக்கு வெளியே சிந்தியது. பெரியப்பா பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியிடம் தெலுங்கில் முதல் வார்த்தை பேசினார்.

"உப்பு பத்தலடா."

உன் அப்பா உப்பு எடுக்க உள்ளே வந்தார். வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான்தான் உப்பைக் கொண்டுபோய் வைத்தேன். பெரியப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "நீயும் உக்காரும்மா, வயித்துப் பிள்ளக்காரி நிக்காத" என்றார்.

பாலு, அரிசி கட்டிக்கொண்டு போகாதே. வசந்தாவைக் கூட்டிக்கொண்டு போ. எல்லாப் படத்தையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்று ஓடாதீர்கள், ஒன்றின் முன்னால் இருவரும் உட்கார்ந்துவிடுங்கள். அவளுக்கு எது பிடிக்கிறது என்று கேள். என்னைப் போல அவளும் எங்கேயாவது எதையாவது பார்த்து மனசுக்குள் ஒன்றைத் தீர்மானம் செய்வாள், அப்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டாமா? கப்பலுக்கு நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு நடை இரண்டு பேரும் ஊருக்கு வந்துவிட்டுப் போங்கள். வசந்தாவுக்கு மட்டும் தனியாக ஒரு சேதி சொல்லச் சொன்னார் உன் அப்பா: "மாமனாரு உனக்கு நாலு வார்த்த இத்தாலி பாஷை சொல்லித் தாரேங்கிறாரு, சீக்கிரம் வாம்மா."

உன் அம்மா